எண்ணெய் போட்ட இரும்பு

பீப்பாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்த ரங்கநாயகிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறிவிட்டது. இரும்புச் சுருள்கள் பளபளவென்று மின்னின. விரல்களில் எண்ணெய் வழுக்கியது.

கணபதிப் பகுதியில் பாலகோபாலின் குரோம் முலாம் பட்டறையில் கழிவுநீர் அவள் பொறுப்பு. முலாம் தொட்டியிலிருந்து மஞ்சளாக வரும் தண்ணீரில் இருப்பது சாதாரண அழுக்கல்ல, விஷம். பக்கத்து லேத் பட்டறைகளில் கடையும்போது விழும் இரும்புச் சுருளை வாங்கி, எண்ணெய் போகக் கழுவி, மூன்று பீப்பாய்களில் நிரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை விடுவாள். இரும்பு தான் துருப்பிடித்து அந்த விஷத்தை அடக்கும். பிறகு சுண்ணாம்பு போட்டால் அடியில் படிந்துவிடும். மூன்று வருடமாக ஒரு நாள் பிசகியதில்லை. ஆயுத பூஜைக்கு வெள்ளகோவிலில் நாத்தனார் வீட்டுக்குப் போனவள், ஐந்து நாள் கழித்து இன்றுதான் வேலைக்கு வந்தாள். நிறம் போய்த் தெளிந்திருக்க வேண்டிய கடைசித் தொட்டியிலும் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

யார் பார்த்த வேலை இது என்று அவள் போட்ட சத்தத்தில் பாலிஷ் மெஷின்கூட நின்றது. ஃபோர்மேன் சென்னியப்பன் வந்தார். ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். பூஜைக்குப் பட்டறையில் ஒவ்வொரு சாமானையும் துடைத்து எண்ணெய் போட்டார்களாம். இந்த மூன்று பீப்பாய் மட்டும் துருவேறிக் கிடக்க அவருக்கு மனசு கேட்கவில்லையாம். பழைய சுருளைக் கொட்டிப் புதுசு நிரப்பி, எண்ணெய் ஊற்றிப் புரட்டி, பீப்பாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். முப்பது வருடம் இரும்போடு புழங்கிய மனிதர் துருவைக் கண்டால் சும்மா இருப்பாரா?

"புத்தி இருக்குதுங்களா உங்களுக்கு? துருப்பிடிச்சாத்தானுங்க அது வேலை செய்யும். எண்ணெய ஊத்திக் கெடுத்துப்போட்டீங்களே."

சென்னியப்பனின் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார்.

"பீப்பாய்ல என்ன நடக்குதுன்னு ரெண்டு மூணு தடவை உங்களைக் கேட்டனுங்க அம்மணி. அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கண்ணான்னு சொல்லிப்போட்டீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னதுதான். இந்தப் பட்டறையில் தனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கட்டும் என்றுதான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. லீவில் போகும்போதுகூடக் குழாயைத் திறந்து மூடினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போய், ஐந்து நாளாக அந்த மஞ்சள் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுக்கொண்டிருந்த வெளிக்குழாயின் வால்வை இறுக மூடினாள். தண்ணீர் போக வழியில்லாமல் முலாம் வேலை நின்றது.

பத்து மணிக்குப் பாலகோபால் வந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். இரும்பை உடனே மாற்றச் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேங்கிய தண்ணீரில் நாலு மடங்கு போர் தண்ணீரைக் கலந்து விட்டால் மஞ்சள் தெரியாது, போனது போகட்டும், வெளியே மூச்சு விட வேண்டாம் என்றார்.

"பின்னால தெய்வாத்தாக்கா கெணறு இருக்குதுங்க சார். நம்ம சாக்கடை அதை ஒட்டித்தான் போகுது. அந்தத் தண்ணியிலதானுங்க இட்லி மாவு ஆட்டி விக்கறாங்க. தெருவே வாங்குது."

"அஞ்சு நாள்ல யாரும் செத்துட மாட்டாங்க. போய் வேலையப் பாருங்க."

அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது அவளுக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு பின்சந்துக்குப் போனாள்.

தெய்வாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாங்க அம்மணி, காப்பி போடட்டுங்களா என்றாள். ரங்கநாயகி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், தான் யாருக்கும் சொல்லித் தராமல் வைத்திருந்தது வரை. கிணற்றில் இறங்கியிருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும், அதுவரை ஒரு சொட்டும் தொடக்கூடாது என்றாள். தெய்வாத்தாள் எழுந்தாள். அரிசியைத் தூக்கிக் கீழே கொட்டினாள். பிறகு உள்ளே போய், விடிகாலையில் ஆட்டி வைத்த மாவுப்போசியைக் கொண்டுவந்து அதையும் கவிழ்த்தாள்.

"சாயங்காலம் மாவு வாங்க வர்றவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. அஞ்சு நாளா வெசத்த வித்தனோ என்னமோன்னு என்ற வாயால எப்படிச் சொல்லறதுங்க?"

நாலு மணிக்கு ரங்கநாயகி அந்த வாசலில் நின்றாள். முதலில் வந்தது பாலகோபாலின் மனைவி பத்மாவதி, கையில் தூக்குப்போசியோடு. அடுத்த தெருவில்தான் வீடு. தினமும் இங்கேதான் மாவு. ரங்கநாயகி அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நேத்து வாங்கின மாவுலதான் காலையில தோசை ஊத்தினேன்" என்றாள் பத்மாவதி. "புள்ள நவ்யாவும் தின்னா. அவரும் தின்னுட்டுத்தான் பட்டறைக்கு வந்தாரு. அவருக்கு இது தெரியுமா?"

"பத்து மணியில இருந்து தெரியுமுங்கம்மா. வெளிய சொல்லாதீங்கன்னாரு."

பத்மாவதி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காலிப் போசியோடு பட்டறை கேட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார், ரங்கநாயகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.