ஏழாம் குறிப்பு

2025 ஜூன் 15, ஞாயிறு. சிறிய பிழை ஒன்று: நேற்றுப் பின்னேரம் ரீவியை மட்டும் நிறுத்தினேன். கீழே இருக்கும் விளையாட்டுப் பெட்டியை நிறுத்த மறந்துவிட்டேன். இரவு முழுதும் கரண்ட் வீண்.

இதை எழுதி முற்றுப்புள்ளி வைக்கும்போது சோபா செற்றியின் கால் ஒன்று சிவானியின் முழங்கையில் இடித்தது. கீழ்வீட்டுக்காரர் இருவர் அதைச் சரித்துப் பிடித்து வாசற்கதவால் வெளியே கொண்டுபோகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கொப்பியை மூடிச் சுவரோடு ஒட்டி நின்றாள். பத்து மணிக்கு அப்பாவைக் கொண்டுவருவார்கள். அதற்குள் ஹோல் வெறுமையாக வேண்டும்.

"தளபாடமெல்லாம் வெளியிலை போகட்டும். ஒண்டும் இருக்கக்கூடாது" என்றாள் மாமி. அப்பாவின் தமக்கை. விடிய முன்னமே வந்து வீட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

தளபாடம் என்ற சொல்லைக் கேட்டதும் சிவானிக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றும் விட்டது.

அப்பா கனகசபாபதி ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி வேலை வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, வெள்ளவத்தையில் இந்த இரண்டாம் மாடியில் ரயில் போவதை எண்ணிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் சிவானி தன்னோடு வேலை செய்யும் இப்ஹாமிடம் இருந்து ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தாள். உள்ளே ஒரே ஒரு விளையாட்டுத்தான் இருந்தது: வாளும் கேடயமும் பிடித்த ஒருவன், பாழடைந்த கோட்டைகள், பேய்கள், பூதங்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் குறிப்புகள் கிடைத்தன.

"எனக்குத் தெரிஞ்சது கொண்டெய்னர் இங்கிலீஷ், பிள்ளை. ஆயுத இங்கிலீஷ் தெரியாது" என்றார் அப்பா.

சிவானி பின்னேரங்களில் மொழிபெயர்ப்பு வகுப்புக்குப் போகிறவள். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் முதலில் அன்றைய பிழையை எழுத வேண்டும் என்பது அவளே தனக்குப் போட்ட விதி. பிழை இல்லாத நாள் அவளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உழைத்து, அந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, ரீவிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். 'தளவாடங்களைத் தெரிவு செய்தல்' என்பது இரண்டாம் தலைப்பு. அப்பா கண்ணாடியைப் போட்டு அதைத் தளபாடம் என்று வாசித்தார்.

"ஏன் பிள்ளை, சண்டைக்குக் கதிரை மேசையோடேயே போறது?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் வாளும் கவசமும் தலைச்சீராவும் தளபாடம்தான். 'பாரம் கூடினால் உருண்டு தப்ப முடியாது. தேவையானதை மட்டும் அணி' என்ற குறிப்பை வாசித்துவிட்டு, "அப்ப இந்த அலுமாரியைக் கழட்டுறன்" என்று நெஞ்சுக் கவசத்தைக் கழற்றுவார்.

செற்றி ஒருவாறு படியில் இறங்கியது. சிவானி ரீவி மேசைக்கு முன் குந்தினாள். பெட்டியின் முகப்பில் செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. அணைப்பதற்காகக் கையை நீட்டியவள், தொட்டவுடன் கையை எடுத்தாள்.

அப்பா நேற்று ஆட்டத்தை முடிக்கவில்லை. நிறுத்தி வைத்துவிட்டுத்தான் எழும்பியிருந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றார். தேநீர் குடிக்கவில்லை. ஓட்டோவுக்குத் தானே நடந்து போனார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்க."

பின்னால் நிக்கலஸ் நின்றான். சவ அடக்கத்தைப் பொறுப்பெடுத்துக் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த மலர்ச்சாலைக்காரன். இரண்டு உயரமான விளக்குத் தாங்கிகளையும் சுருட்டிய வயரையும் வைத்திருந்தான்.

"இந்த பிளக்கத்தான் நாங்க எடுக்கணும். கழட்டவா?"

"வேண்டாம்" என்றாள் சிவானி. தன் குரல் அவ்வளவு உரத்து வரும் என்று அவள் நினைக்கவில்லை. "வேறை பிளக் இல்லையே?"

"குசினில ஃபிரிஜ்ஜுக்கு இருக்கு. எங்க வயர் அவ்வளவு நீளம் வராது. உங்கட எக்ஸ்டென்ஷன் வயர கீழ கொட்டகை ஃபேனுக்குக் கொண்டு போய்ட்டாங்க." அவன் பெட்டியைப் பார்த்தான். "இது என்ன, ரவுட்டரா?"

"இல்லை. அப்பா இதுக்குள்ளை பாதியிலை நிக்கிறார்."

சாவு வீடுகளில் எத்தனையோ கேட்டவன் போல நிக்கலஸ் தலையை ஆட்டினான்.

சிவானி ஒழுங்காகச் சொல்லப் பார்த்தாள். இந்த ஆட்டத்தில் நெருப்பு மூட்டிய இடங்கள் உண்டு. அங்கே போய் இருந்தால்தான் அதுவரை சேர்த்தது பதிவாகும். இப்போது கரண்டை எடுத்தால் நேற்றையது எல்லாம் நடக்காதது போலாகிவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு நெருப்பு இருக்கிறது. அதுவரை அப்பாவைக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"தெரியாது. நான் ஒருநாளும் ஆடினதில்லை. எழுதிக் குடுத்தது மட்டுந்தான்."

நிக்கலஸ் படிப்பக்கம் திரும்பி, "மல்லி, பொட்டக் இன்ன" என்று தன் உதவியாளைச் சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். பிறகு இவளிடம், "வண்டி கிளம்பிட்டுது. வழியில தெமட்டகொடைய தாண்டினா ஃபோன்ல சொல்லுவாங்க. அதுவர பாருங்க" என்றான்.

அவள் ரீவியைப் போட்டாள். கல்பாலம் தெரிந்தது. இரு பக்கமும் பள்ளம். பாலத்தின் நடுவில், அப்பாவின் ஆள் கேடயத்தைத் தூக்கிப் பிடித்தபடி உறைந்து நின்றான். நெஞ்சுக் கவசம் இல்லை. எதிரே, வழியை மறித்துக்கொண்டு பென்னம்பெரிய காவலன். அவனுக்கு அப்பா வைத்த பெயர் கஸ்டம்ஸ்.

"என்ன கோதாரியிது!" மாமி அறைக்குள்ளிருந்து வந்தாள். "செத்தவீட்டிலை ரீவி போடுறியே? ஆக்கள் வரப்போகினம். நிப்பாட்டு."

"கொஞ்ச நேரம், மாமி."

"உனக்கென்ன விசரே? அருந்ததி, வந்து பார் உன்ரை மகளை."

அம்மா வந்தாள். நேற்றிரவு முழுதும் அவள் படுத்திருந்த விதத்திலேயே தலைமயிர் ஒரு பக்கம் நசிந்திருந்தது. ரீவியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெறுந்தரையில், சிவானிக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நேற்று, இண்டைக்கு இவனை விடமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றாள். "பாலத்திலை இவ்வளவு தூரம் முந்தி ஒருநாளும் வரேல்லை."

"அருந்ததி, நீயுமே?"

"மச்சாள், கதவை ஒருக்காச் சாத்துங்கோ. அவர் விட்டிட்டுப் போனது. பிள்ளை முடிக்கட்டும்."

மாமி அசையாமல் நின்றாள். நிக்கலஸ்தான் போய்க் கதவைச் சாத்தினான்.

சிவானி கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். அப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பொத்தான் மழுங்கியிருந்தது. நிறுத்தத்தை எடுத்தாள். உடனே கஸ்டம்ஸ் கோடரியைத் தூக்கினான்.

"இடப் பக்கத்தாலை வருவான்" என்றாள் அம்மா.

இடப் பக்கத்தால் வந்தது. கேடயத்தில் விழுந்தது.

"இன்னும் ரெண்டு. அதுக்குப் பிறகு குனிவான். அப்ப அடி."

"அம்மா, உங்களுக்கு எப்பிடி?"

"குசினி வாசலிலை இருந்து மரக்கறி வெட்டினது நான்தானே. அங்கை பார், அங்கை பார்."

கஸ்டம்ஸ் குனிந்தான். சிவானி அடித்தாள். இன்னொன்று அடிக்கப் பொத்தானை அழுத்தினாள், கை எழும்பவில்லை. திரையின் மூலையில் மூச்சைக் காட்டும் பச்சைக்கோடு ஒரு மயிரளவாகத் தேய்ந்திருந்தது. பின்வாங்கி, குறிப்பில் எழுதியபடி கேடயத்தை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தாள். பச்சைக்கோடு நத்தை போல் நகர்ந்தது. அது நிறைய முன்னமே கஸ்டம்ஸ் வந்துவிட்டான்.

"மூச்சு வருதில்லை" என்றாள்.

"அவரும் இதைத்தான் சொல்லுவார். தூக்கிப் பிடிச்சா மூச்சே வருதில்லை, அருந்ததி எண்டு. அப்ப இறக்கிப் பாருங்கோவன் எண்டன்."

"என்ன சொன்னவர்?"

"பிள்ளை படிச்சிட்டு எழுதினது, எனக்குத்தான் கை சரியில்லை எண்டார்."

சிவானி சுவரைப் பார்த்தாள். ஏழாம் குறிப்பு, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில்: மூச்சு நிரம்பும் வரை கேடயத்தை உயர்த்திப் பிடி. ஆங்கில வாக்கியம் அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. அதில் ஒரு 'வேண்டாம்' இருந்தது. உயர்த்தாதே. அதை அவள் விட்டுவிட்டிருந்தாள். இவ்வளவு காலமும், ஒவ்வொரு பின்னேரமும், அப்பா அந்தப் பாலத்தில் மூச்சில்லாமல் நின்றிருக்கிறார்.

"கோடரி" என்றாள் அம்மா.

சிவானி உருண்டாள். எழும்பி, கேடயத்தை இறக்கினாள். வெறும் நெஞ்சோடு நிற்பது பயமாக இருந்தது. ஆனால் பச்சைக்கோடு தண்ணீர் நிறைவது போல் விறுவிறென்று ஏறியது. அம்மா தன் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது.

கஸ்டம்ஸ் வந்தான், விலகினாள். குனிந்தான், அடித்தாள், விலகிக் கேடயத்தை இறக்கினாள். கஸ்டம்ஸின் உயிரைக் காட்டும் கோடு குறைந்து குறைந்து நகத்தளவாயிற்று. அவனுக்குப் பின்னால், பாலம் முடிகிற இடத்தில், நெருப்பு சின்னதாகத் தெரிந்தது.

"தெமட்டகொட தாண்டிட்டாங்க" என்றான் நிக்கலஸ், கதவடியிலிருந்து மெதுவாக.

இன்னும் ஓரடி அடித்தால் போதும். குறிப்பு பன்னிரண்டு: கடைசி அடிக்கு ஆசைப்படாதே. அதைப் பிழையில்லாமல்தான் எழுதியிருந்தாள். ஆனாலும் ஆசைப்பட்டாள். கோடரி வலப் பக்கத்தால் வந்தது.

அப்பாவின் ஆள் முழங்காலில் விழுந்து, பிறகு குப்புற விழுந்தான். திரை கறுத்தது.

மாமி "முருகா" என்று மட்டும் சொன்னாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

திரை வெளித்தபோது அவன் பாலத்துக்கு இந்தப் பக்கத்தில், பழைய நெருப்பருகே எழும்பி நின்றான். கையில் ஒன்றுமில்லை. தூரத்தில், பாலத்தின் நடுவில், அவன் விழுந்த இடத்தில் வெளிறிய வெளிச்சம் ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

"எல்லாம் போயிட்டுதோ?" என்றாள் அம்மா.

"இல்லையம்மா. அவர் சேர்த்தது விழுந்த இடத்திலையே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம்."

"கரண்டை எடுத்தால்?"

"செத்தவுடனை பதிஞ்சிடும். ஒண்டும் செய்யாது. ஆனா எடுக்கப் போகேக்கை வழியிலை திரும்ப விழக்கூடாது. விழுந்தாத்தான் இல்லாமல் போகும்."

"எத்தினை நாளைக்குக் கிடக்கும்?"

"எத்தினை நாளெண்டாலும்."

"அப்ப அவசரமில்லை" என்று சொல்லி, அம்மா கையை ஊன்றி எழும்பினாள். "மச்சாள், என்ரை வெள்ளைச் சீலை எங்கை?"

சிவானி ரீவியை நிறுத்தினாள். பிறகு பெட்டியை, முறைப்படி, பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். செம்மஞ்சள் வெளிச்சம் அணைந்ததும் நிக்கலஸைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பிளக்கைக் கழற்றி, வயரை அழகாகச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, விளக்குகளைப் பொருத்தினான்.

அப்பா பத்து மணி தாண்டி வந்தார். வெறுமையாகிக் கிடந்த ஹோலின் நடுவில் வைத்தார்கள். கோட்டும் ரையும் போட வேண்டும் என்று மாமி கொண்டுவந்திருந்தாள். அம்மா அவற்றை வாங்கி அறைக் கட்டிலில் போட்டுவிட்டு, "வேட்டி சால்வையே போதும், மச்சாள். பாரம் வேண்டாம்" என்றாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கிரியை முடிந்து, பின்னேரம் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். சித்தப்பா கொள்ளி வைத்தார். சிவானி யாருடைய தோளிலும் சாயாமல், கைகளைத் தொங்கவிட்டபடி, புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பி, தலை தோய்ந்துவிட்டு வந்து இருந்தபோது சித்தப்பா, நாளைக் காலை சாம்பல் எடுக்கத் தானும் இன்னும் இருவரும் போவதாகச் சொன்னார்.

"நானும் வாறன்" என்றாள் சிவானி.

"பொம்பிளைப் பிள்ளையள் உதுக்குப் போறேல்லை" என்றாள் மாமி.

"நான் போவன், மாமி."

மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிர்த்தவில்லை. "வெள்ளனத்தான் போகோணும்" என்றாள் மாமி கடைசியில். "தலைமயிரை முடிஞ்சு கட்டிக்கொண்டு போ."

கடற்கரைப் பக்கமாக ஒரு ரயில் போனது. கண்ணாடி அலுமாரி இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. சிவானி அங்கே இருந்து கொப்பியை விரித்து, காலையில் எழுதியதன் கீழே எழுதினாள்.

இன்னொரு பிழை: ஏழாம் குறிப்பு. சரியான வாசகம்: மூச்சு நிரம்பும் வரை கேடயத்தை உயர்த்தாதே. சுவரில் உள்ளதையும் திருத்த வேண்டும்.

சற்று யோசித்து, கடைசி வாக்கியத்தை வெட்டினாள். சுவரில் உள்ளது அப்படியே இருக்கட்டும்.

நாளை, திங்கள். காலை ஏழு மணிக்குச் சித்தப்பாவுடன் கனத்தைக்குப் போய்ச் சாம்பல் எடுக்க வேண்டும். வரும் வழியில் விளையாட்டுப் பெட்டிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்க வேண்டும், நீளமானது.