முப்பது நாள் நிபந்தனை

சந்திரகலா அந்த ஒப்பந்தத்தைத் தன் கைப்பேசியிலேயே தயாரித்தாள். இணையத்தில் இலவசமாக ஒரு மாதிரி கிடைத்தது. காலியாக இருந்த இடங்களில் தன் பெயரையும் தஸ்லீமாவின் பெயரையும் நிரப்பினாள். கிள்ளான் நகரில் ஒரு கடையில் அச்செடுத்து, நீல அட்டை போட்டு வாங்கி வந்தபோது அவளுடைய நடையே மாறியிருந்தது. கேரித் தீவுத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள், பக்கம் பக்கமாக ஓர் ஆங்கில ஒப்பந்தத்தை யார் உதவியும் இல்லாமல் முடித்திருக்கிறாள். பெருமைப்படாமல் எப்படி இருக்க முடியும்?

அவளும் தஸ்லீமாவும் ஆறு ஆண்டுகளாகத் தோசை மாவு அரைத்து, பொட்டலம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். லாபத்தில் ஆளுக்குச் சரிபாதி. வாய்ச்சொல்தான் ஒப்பந்தம். இப்போது ஷா ஆலமில் பெரிய கூடம் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள். மே மாதம் திறப்பு. கடன் கொடுக்கும் வங்கி, கூட்டுத்தொழிலுக்கு எழுத்து எங்கே என்று கேட்டது.

தஸ்லீமா நின்றபடியே தாள்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் சிரித்துவிட்டாள்.

"கலாக்கா, பனிப்புயல் வந்தா டெலிவரிக்கு நாம பொறுப்பில்லன்னு போட்டிருக்கு. வெயில் கொளுத்தற கிள்ளான்ல பனிப்புயலா?"

"வந்தா வரட்டும் லா. மாவு கெடாது."

படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். திருப்பிக் கொண்டுவந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"கலாக்கா, ஒரு லாயர்கிட்ட காட்டிடலாமா?"

"எதுக்கு? அதான் எல்லாம் இருக்கே."

"இருக்கு. இருந்தாலும் ஒரு தடவை காட்டிடலாம்."

"லாயருக்குக் கொடுக்கற காசுல இன்னொரு கிரைண்டர் வாங்கலாம். ஆறு வருசம் தாளே இல்லாம ஓட்டுனோம். இப்ப தாள் இருக்கு, உனக்கு அதுவும் பத்தல."

தஸ்லீமா உளுந்தைக் கழுவப் போய்விட்டாள். சந்திரகலாவுக்கு நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது. அவள் குடும்பத்தில் யாராவது வழக்கறிஞரிடம் போனார்கள் என்றால், ஒன்று நிலத் தகராறு, இல்லையென்றால் விவாகரத்து. மாலையில் விளக்கேற்றும்போது முருகனிடம் பொறுமையைக் கேட்டாள். கேட்டது கொஞ்சம் கிடைத்தது. மறுநாள் அவளே, "சரி, போவோம்" என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது வழக்கறிஞர் முகுந்தனின் அலுவலகம். சின்ன வயதுக்காரர். நீல அட்டையைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் நான் லாயரா இருக்க முடியும். இன்னொருத்தர் வேற லாயரைப் பாத்துக்கறது நல்லது."

"ஒரு மாவுக்கு ரெண்டு லாயரா? நாங்க டைவர்ஸ் பண்ண வரல தம்பி."

"கல்யாணத்துக்கும் ரெண்டு பக்கத்து ஆளுங்க உக்காந்துதானே பேசறாங்க அக்கா."

"அப்ப இவளுக்கே இருங்க. கேட்டது இவதான்." குரலில் இருந்த கடுகடுப்பு அவளுக்கே கேட்டது.

முகுந்தன் வரிவரியாகப் படித்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"யாராச்சும் தொடர்ந்து முப்பது நாள் வேலைக்கு வரலன்னா அவங்க தானாவே விலகிட்டதா அர்த்தம், அவங்க பங்கை மத்தவங்க எடுத்துக்கலாம்னு இருக்கு. இது தெரிஞ்சு போட்டதா?"

"அது ஓடிப் போறவங்களுக்கு. நாங்க எங்க ஓடப் போறோம்?"

முகுந்தன் தஸ்லீமாவைப் பார்த்தார். "சீக்கிரத்துல ரொம்ப நாள் எங்கயாச்சும் போற மாதிரி இருக்கா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். தஸ்லீமா முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"ஹஜ்ஜுக்குப் பேரு வந்திருக்கு சார். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும். போய் வர நாப்பது நாளுக்கு மேல ஆகும்."

சந்திரகலா திரும்பினாள். "எப்ப?"

"மே மாசம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போயிட்டு வான்னு சொல்லிடுவீங்க. புது இடத்துல தனியா கெடந்து அல்லாடுவீங்க. தாள்லயும் இப்படி இருந்துச்சு. நீங்க யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் கலாக்கா. எங்க வீட்டுக்காரரை மட்டும் போகச் சொல்லிட்டு, எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி, மாத்த வழி இருக்கான்னு ஒரு வெளியாள் வாயால கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

ஹஜ்ஜுக்குப் பதிந்தால் முறை வரப் பல ஆண்டுகள் ஆகும்; தஸ்லீமா பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் தந்தை பதிந்து வைத்த பெயர் அது. தன் பெயர் வருவதற்குள் அவர் இறந்து போனார். மகளுடைய முறை வந்திருக்கிறது. அதை அவள் ஒரு தாளுக்காக விடத் துணிந்திருக்கிறாள். பனிப்புயலை அறிந்திருந்த அந்தத் தாளுக்கு ஹஜ் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

சந்திரகலா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த நிபந்தனையை மறுபடி படித்தாள். நிரப்பிய அன்று எத்தனை வேகமாக அதைத் தாண்டிப் போனாள் என்பது நினைவுக்கு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது.

"தம்பி," என்றாள் மெதுவாக. "இந்தத் தாள்படி பாத்தா, நான் போன வருசத்துக்கு முந்தின வருசமே கூட்டாளி இல்ல."

முகுந்தன் புரியாமல் பார்த்தார்.

"எனக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். ரெண்டு மாசம் படுக்கை. மாவு அரைச்சது, கடை கடையாப் போட்டது எல்லாம் இவதான். வாராவாரம் பாதிப் பணத்தை எடுத்துட்டு வந்து தலகாணி பக்கத்துல வைப்பா. நான் கவிச்சி சேக்க மாட்டேன்னு புதுச் சட்டி வாங்கி அதுல ரசம் வச்சு எடுத்துட்டு வருவா. வேலை செய்யாதவளுக்கு எதுக்குடி பாதின்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா?"

"கலாக்கா, விடுங்க," என்றாள் தஸ்லீமா.

"'யாரு அரைச்சான்னு பாத்துட்டா மாவு பொங்குது?'ன்னு கேட்டா."

நமக்குச் செய்யப்பட்ட நன்மைகளை நாம் மறப்பது பெரும்பாலும் கெட்ட மனத்தால் அல்ல. அவை கதவைத் தட்டாமல் வந்து, சட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. கடவுள் நல்லவர். தட்டிச் சொல்ல அவ்வப்போது யாரையாவது அனுப்புகிறார்.

"அந்த நிபந்தனையை அடிச்சிடுங்க," என்றாள் சந்திரகலா. "நோய்னு படுத்தாலும் பங்கு முழுசா வரணும். ஹஜ்ஜுக்குப் போனாலும் முழுசா வரணும். மே மாசம் நானும் வேன் ஓட்டற ரெங்கசாமியும் பாத்துக்குவோம்."

"வேலை செய்யாம நான் எப்படி…"

"நீ பேசாத. உனக்குத்தான் லாயர் இருக்காரே, அவர் பேசட்டும்."

முகுந்தன் சிரித்துவிட்டார். தஸ்லீமாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

புதிய ஒப்பந்தம் எழுதி வந்ததும், சந்திரகலா முகுந்தன் சொன்னபடியே கிள்ளானில் தனக்கென்று ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனாள். இராஜம்மா என்ற அந்தப் பெண்மணி அனுபவசாலி. எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்ததெல்லாம் சரிம்மா. இந்த ஒரு இடம்தான். நோயின்னா ரெண்டு பேருக்கும் பொருந்தும். ஆனா இந்தச் சமய விடுப்பு அவங்களுக்கு மட்டும்தான் சாதகம். அவங்க இல்லாத நாளுக்கும் பாதிப் பங்கு. அதுவும் புது இடம் திறக்கற நேரத்துல. உங்க லாயரா இதை உங்ககிட்ட சொல்றது என் கடமை."

"சொல்லிட்டீங்க. கேட்டுக்கிட்டேன்."

"ஒண்ணும் மாத்த வேணாமா?"

"ஒண்ணு மாத்தணும்."

இராஜம்மா நம்பிக்கையோடு பேனாவை எடுத்தார்.

"சமயக் காரணங்களுக்கான நீண்ட விடுப்புன்னு பொதுவா எழுதியிருக்கு பாருங்க. அதை எடுத்துட்டு ஹஜ்ஜுன்னே போடுங்க."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா."

"எனக்கு ஒண்ணு இல்ல. இதை பேங்க்காரர் படிப்பாரு. நாளைக்கு என் மக படிப்பா. எங்க கம்பெனி எதுக்காக விட்டுக் கொடுத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்." சந்திரகலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மே மாசம் என் கூட்டாளி ஹஜ்ஜுக்குப் போறாங்க."

இத்தனை ஆண்டுகளில் தஸ்லீமாவை அவள் 'அவ' என்றுதான் சொல்லியிருக்கிறாள். மரியாதை தானாக வாயில் வந்திருந்தது.

இராஜம்மா அந்த வரியை அடித்துவிட்டு, மேலே சின்னதாக, மூன்றே ஆங்கில எழுத்துகளில் ஹஜ் என்று எழுதி, தாளைத் திருப்பி வைத்தார். சந்திரகலா அதை ஒருமுறை படித்தாள். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.