அக்கா வீட்டுப் பெட்டி

அடுத்தவர்களின் தரவு தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே ‘காப்பி’. எதையும் இரண்டு இடத்தில் வைக்காமல் தூங்கமாட்டான் என்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். புத்தக அலமாரியில், கணினிக் கோப்புகளுக்கென்று ஒரு சேமிப்புப் பெட்டி. நகரின் மறுகோடியில் அக்கா வீட்டில் அதன் ஜோடி. இங்கே எதை வைத்தாலும் இணையம் வழியாக உடனே அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், இறக்கி வைத்து இன்னும் பார்க்காத சினிமாக்களைக் கழித்துக்கொண்டிருந்தவன், அப்பாவின் வீடியோக்களையும் சேர்த்து அழித்துவிட்டான். சீட்டாட்டத்தில் அப்பா ஏமாற்றுவது, பிடிபட்டதும் குலுங்கிச் சிரிப்பது, எல்லாம். பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினான். அதற்குள் அங்கேயும் அழிந்திருக்குமா? அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

அப்பா போனபின் வீட்டை விற்பதில் வந்த சண்டை. அன்றிலிருந்து பேச்சில்லை. போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழைத்தான்.

“அக்கா... அந்தப் பெட்டி நல்லாருக்கா?”

“நான் நல்லாருக்கேனான்னு கேக்க வாய் வரல. பெட்டிக்கு வருது.”

நடந்ததைச் சொன்னான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அதை அன்னைக்கே பிடுங்கிப் போட்டாச்சு. உன் மேல இருந்த கோவம்தான். அது வேற கண்ணைச் சிமிட்டிக்கிட்டே கெடந்துச்சு. இரு, சொருகுறேன்.”

“ஐயோ, வேணாம்க்கா! சொருகினா அதையும் அழிச்சிடும்!”

கத்திய பிறகுதான் பார்த்தான்: தன் பெட்டியின் வயர் இன்னும் கையிலேயே இருந்தது. அவள் சொருகினாலும் எதுவும் அழிந்திருக்காது.

நகல் போகவில்லை என்று எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே? வந்திருக்கும். அக்கா என்ற பெயரில் எது வந்தாலும் கண்ணில் காட்டாதே என்று மின்னஞ்சலுக்கு அவனே சொல்லி வைத்திருந்தான். அந்தப் பெட்டிக்கும் அவன் வைத்த பெயர் அக்காதான்.

“அப்போ அப்பா இருக்காரு,” என்றாள்.

“இருக்காரு.”



“அதுக்கப்புறம் நீ வீடியோ எடுத்து வச்சதெல்லாம்? அது இங்க வந்திருக்காதேடா.”

அலமாரியைப் பார்த்தான்.

“அதுக்கப்புறம் ஒண்ணும் எடுக்கலக்கா.”

மறுமுனையில் அவள் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.