கல்மீனுக்குப் பக்கத்தில் ஒரு கை

பின்னறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இரண்டு பேர் இறங்க வேண்டும் என்பது அந்த மீன் காட்சியகத்தின் விதி. அன்று துணைக்கு இறங்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். பத்து நிமிட வேலைதானே என்று அவள் தனியாக இறங்கிவிட்டாள். ஒன்பது வருடம் மீன்களோடு பழகிய துணிச்சல்.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு கல்மீன். மணலில் பாதி புதைந்து, மேலெல்லாம் பாசி படிந்து, நாள் முழுக்கக் கல்லாகவே கிடக்கும். இரையைத் துரத்தாது, வாய்க்கு நேரே வரும்வரை காத்திருந்து, இமைப்பதற்குள் உறிஞ்சிவிடும். முதுகில் பதிமூன்று விஷ முட்கள். அதுவாக வந்து யாரையும் குத்தாது. ஆனால் விரட்டினாலும் லேசில் நகராது. மிரண்டால் முட்களை நிமிர்த்திக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தெரியாமல் கை வைத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

வழக்கம்போல அது இடது மூலையில் கிடப்பதாக நினைத்தாள். வலது பக்கத்து சிமெண்ட் பாறைக்கு அடியில் அழுகிய இறால் நாறிக்கொண்டிருந்தது. நின்றால் இடுப்பளவு தண்ணீர். மண்டியிட்டுக் குனிந்து, தாடையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டுத் துழாவினாள். முட்டுக்கொடுத்திருந்த செங்கல் நழுவியது. பாறை அவள் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது.

இழுத்தாள். வரவில்லை. முகத்தை நீருக்குள் அமிழ்த்தி, போட்டிருந்த நீச்சல் கண்ணாடி வழியே பார்த்தாள். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கல். அந்தக் கல்லின் ஓரத்தில் ஒரு கீறல் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. மூச்சு விடுகிறது.

அதன் பிறகு அவள் இழுக்கவில்லை.

தண்ணீர் மோட்டார் சத்தத்தில் கத்திப் பயனில்லை. அரை மணிக்கு ஒருமுறை அது கால் மணி நேரம் ஓயும். அதுவரை முழங்கால் மரத்துப்போக, கழுத்து இற்றுவிழ, விரலைக்கூட அசைக்காமல் காத்திருந்தாள். மோட்டார் நின்றதும் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

ஓடி வந்தது டிக்கெட் கவுண்டரில் இருக்கும் நாத்தனார். நாலு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தனிக்குடித்தனம் போகப்போகிறோம் என்று அவளும் கணவனும் சொன்ன நாளிலிருந்து.

“ஐயோ அண்ணி! என்ன ஆச்சு?”

“தண்ணியில கைய வைக்காத! பக்கத்துலயே கல்மீன் இருக்கு. போய் வாட்ச்மேன கூட்டிட்டு வா. கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்லு.”

வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும், “முதல்ல அத குத்திக் கொன்னுடலாமா?” என்றார்.

“வேணாம்ணே. குத்தினா என் கை மேலதான் துள்ளும்.”

“தண்ணிய திறந்து விட்டா?”

“தண்ணி இல்லன்னா பாறை இன்னும் கனக்கும். மீனும் சாகாது, ரொம்ப நேரம் தாங்கும். பாறைய தூக்கறப்ப ஆடும், அப்ப என் கை அது மேல படக்கூடாது. நடுவுல எதையாவது சொருகணும்.”

நாத்தனார் சுற்றும் முற்றும் பார்த்தாள். இறால் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை கண்ணில் பட்டது. அதைக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வெந்நீர் வைக்கப் போனாள். கல்மீன் விஷத்துக்குச் சூடுதான் முதலுதவி என்று அங்கே சுவரிலேயே எழுதியிருந்தது.

அவள் வலது கையால் பலகையை மணலில் பிடித்து, சிக்கிய கைக்கும் மீனுக்கும் நடுவே நூல் நூலாக நகர்த்தினாள். பாதி தூரத்தில் மீனின் முதுகு புடைத்தது. முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கையை நிறுத்தினாள். அந்தக் கீறல் பத்து முறை திறந்து மூடும்வரை எண்ணினாள்.

திரும்பி வந்த நாத்தனார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அவள் தாடைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

“தண்ணியில கை வைக்காதன்னு சொன்னேன்ல?”

“இது மேல்தண்ணிதானே. பேசாம இருங்க.” தாங்கிய கையை மாற்றிக்கொண்டு, “நீங்க போயிட்டா படுக்கையில கிடக்கற அம்மாவ புரட்டிப் படுக்க வைக்கக்கூட இன்னொரு கை இல்ல எனக்கு. வேலைய விடணும். வீட்டோட கிடக்கணும். அதுக்குத்தான் கோபம்” என்றாள்.

அவள் வலது கையால் பலகையை மறுபடி நகர்த்தினாள். அது பாறையில் போய் முட்டி நின்றது.

“இப்ப தூக்குங்கண்ணே.”

கடப்பாரை நெம்பியது. பாறை விரற்கடை அளவு எழுந்தது. கையை நேராகப் பின்னால் இழுத்தாள். தோல் உரிந்தது, எலும்பில் ஏதோ நெறிந்தது, கை வெளியே வந்தது. கல்மீன் ஒரு சாண் தள்ளிப் போய், துடுப்பால் மணலை வாரி மூடிக்கொண்டு மறுபடி கல்லானது.

வெந்நீருக்கு வேலை இல்லாமல் போயிற்று. மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு, ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. அந்த ஒன்றரை மாதமும் அவள் தலையை வாரிவிட்டது நாத்தனார்தான், சிக்கெடுக்கும்போது திட்டிக்கொண்டேதான்.

கட்டுப் பிரித்த வாரம் அவளும் கணவனும் குடிபோனார்கள். இரண்டு தெரு தள்ளி, சின்ன வீடு. மாமியாரை வாரத்தில் பாதி நாள் அங்கே வைத்துக்கொள்வதென்று முடிவானது. முதல் நாள் மாமியாரைக் கொண்டுவந்து விட்டபோது நாத்தனார் வாசலில் நின்று, “மாத்திரை எழுதி வச்சிருக்கேன், மறந்துடாதீங்க” என்றாள்.

“உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போயேன்.”

“இல்ல அண்ணி. இன்னிக்கு நான் சும்மா நடக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு, தன் வீடு இருந்த திசைக்கு எதிர்த்திசையில் வேகமாக நடந்தாள்.