ராதிகாவின் க்ரீமும் ஒன்றியச் செயலாளரும்

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ராதிகாவின் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்தது. கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு சன்ஸ்க்ரீன் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வெளியே போகாவிட்டாலும் போட வேண்டும் என்றார். "ஜன்னலோரம் உட்கார்ந்துதானே பாடம் எடுக்கறீங்க? கண்ணாடி வழியாவும் வெயில் வரும்மா" என்று காரணமும் சொன்னார். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த வருஷம் அது. வடக்கனந்தல் வீட்டின் கிழக்கு ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள் ராதிகா. வேறெங்கும் சிக்னல் நிற்காது.

டாக்டர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

"வூட்டுக்குள்ள எந்த சூரியன்டி வருது உனக்கு?" என்று சிரித்தான் கணவன் சுபாஷ்.

"நாங்கல்லாம் கரும்புத் தோட்டத்துல வெந்தோம். இன்னாத்த பூசுனோம்?" என்றாள் மாமியார் பாப்பாத்தி. அவள் கரும்புத் தோட்டத்தில் வெந்த லட்சணம் ஊருக்கே தெரியும். வரப்பு வரைக்கும் போய், குடைக்குள் நின்று, கூலி ஆட்களை ஏசிவிட்டுத் திரும்புவாள்.

சுபாஷின் சிரிப்பு வீட்டோடு நிற்கவில்லை. டீக்கடையில் போய், "எங்க வூட்டு ஹாலுக்குள்ளயே வெயிலடிக்குதுப்பா. எம் பொண்டாட்டி க்ரீம் போட்டுக்கினுதான் சோறாக்குறா" என்று சொல்லிவைத்தான். மறுநாள் பால் ஊற்ற வந்த பச்சையம்மாள்கூட, "இன்னா டீச்சரம்மா, உள்ள வெயில் ஜாஸ்தியா?" என்றாள். ராதிகா சொம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஆனால் க்ரீமை விடவில்லை.

அப்போது இட ஒதுக்கீடு கேட்டு சாதிச் சங்கம் தெருவில் இறங்கியிருந்தது. சுபாஷ் அதன் ஒன்றியச் செயலாளர். எந்த ஊர் ஆட்கள் எந்த வேனில் ஏற வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவன் வேலை. உட்காருவது அவன் வேலையில்லை. கச்சிராயபாளையத்துச் சனம் வி.ஏ.ஓ. ஆபீஸ் முன்னால் கொதிக்கிற தார் ரோட்டில் கோஷம் போடும். இவன் ஏசி காரில் வந்து இறங்குவான், கையை உயர்த்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வான், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

ஒரு நாள் காலையில் பரபரத்தான். பேட்டி எடுக்க யூடியூப் சேனல்காரர்கள் வீட்டுக்கே வருகிறார்களாம்.

"ராதிகா, அந்த க்ரீமை எடு."

"எதுக்குங்க?"

"லைட்டு வெச்சு எடுப்பாங்க. மூஞ்சி பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

"அது பளிச்சுன்னு ஆக்குற க்ரீம் இல்லீங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். குடு."

உள்ளங்கை நிறையப் பிதுக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்துக்கொண்டான். தாடையோடு நிறுத்திவிட்டான். கழுத்து அதன் நிறத்தில் இருந்தது, முகம் மட்டும் சாம்பல் பூத்த பூசணிக்காய் மாதிரி ஆனது. நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லலாம் என்று ராதிகா வாயைத் திறந்தாள். "நேரமாவுது, தள்ளு" என்று அவளை விலக்கிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தான்.

விளக்கு எரிந்தது. சுபாஷ் தொண்டையைச் செருமினான்.

"வெயில்ல கருகுன சனம் சார் நாங்க. இதோ, இந்தத் தோலே சாட்சி!"

சொன்ன வேகத்தில் கன்னத்தில் விரலைக் குத்தினான். விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதே விரலால் மீசையை முறுக்கினான். மீசையும் நரைத்தது. சமையற்கட்டில் பாப்பாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பேட்டி எடுத்தவன் நல்ல பிள்ளைபோல் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் படம் பிடித்தான்.

பொழுது சாய்வதற்குள் ஊர் ஊராக வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். 'அண்ணன் கோலமாவு டப்பாவுல வுழுந்துட்டாரா?' என்று ஒருவன் எழுதியிருந்தான். தார் ரோட்டில் கத்திக் கத்திக் குரல் போயிருந்த சின்னதுரை, சங்கத்து ஆள்தான், எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் முதலில் அனுப்பியது அவன்தான்.

சுபாஷ் ராதிகாவிடம் பாய்ந்தான். "நீ சொல்லியிருக்கலாம்ல? வேணும்னே பண்ணியிருக்க!"

"சொல்ல வந்தேன். தள்ளுன்னீங்க."

"பொண்டாட்டின்னா புடிச்சு நிறுத்திச் சொல்லணும்."

"சங்கத்துல அத்தினி பேரு இருக்காங்களே, பாத்துட்டு ஒருத்தராவது போன் பண்ணி வீடியோவ எடுக்கச் சொன்னாங்களா?"

சுபாஷ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெட்கம் அவனிடம் ரொம்ப நாள் தங்கவில்லை. கொஞ்ச நாளில் டீக்கடையில் புதுப் பிரசங்கம் தொடங்கிவிட்டான். "கண்ணாடி வழியாவே கதிரு உள்ள வருதுப்பா. வூட்டுக்குள்ளயே க்ரீம் போடணும். படிச்சவன் எவனுக்கும் இது தெரியல." தனக்கென்று ஒரு பெரிய ட்யூப் வாங்கிக் காரில் வைத்திருந்தான். பாப்பாத்தியும், "எம் புள்ள சொன்னா காரணம் இருக்கும்" என்றாள். ராதிகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கசந்தது. இதே சொல் அவள் வாயிலிருந்து வந்தபோது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது.

வீடியோவால் பேர் பரவியதாலோ என்னவோ, சங்கம் அவனுக்கு மாவட்டப் பொறுப்பு கொடுத்தது. கள்ளக்குறிச்சி மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம்.

"மேடையில நீயும் பக்கத்துல நிக்கணும்" என்றான் சுபாஷ்.

"எனக்கு கிளாஸ் இருக்குங்க."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. கார் தெருமுனை தாண்டியதும் ராதிகா போனை அணைத்தாள். பிள்ளைகளை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினாள்.