ஓரத்தில் ஒரு ஓட்டை

ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தபோது மணி ஒன்று இருபது. "வெளிய காத்து பலமா அடிக்குதுல்ல, அதான்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கருத்துச் சொல்ல மட்டும் தெரியும். ஆறு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். வண்டி என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியும். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது டயர் பாதி வயிற்றோடு நிற்கிறது. நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு டயர் கடை இருந்தது. அது வரைக்கும் உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்கு இவ்வளவு படபடப்பு வந்திருக்காது. அன்றைக்கு மூன்று மணிக்கு எங்கள் மகளுக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், கல்லூரி அணியில் கோல்கீப்பர். கோல்கீப்பர் என்று பேர்தான், மூன்று வருஷமாகப் பெஞ்சைத்தான் காவல் காத்தாள். நாலு நாளைக்கு முன்னால் முதல் கோல்கீப்பர் பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பாவம் அந்தப் பெண். ஆனால் செய்தியைக் கேட்டதும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு நான் ஒரு குதி குதித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர்கள். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். தெருவில் அவருக்குக் கட்டிங் மாஸ்டர் என்று பேர். சனிக்கிழமையானால் மூட்டை மூட்டையாக டெலிவரி. அவளுடைய ஆட்டம் எல்லாமும் பாழாய்ப்போன சனிக்கிழமையில்தான் வரும். ஒரு ஆட்டத்துக்குக்கூட நாங்கள் போனதில்லை. இந்தத் தடவை கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருந்தோம். காலையில் போனில் அவளுக்கு ஒரே சிரிப்பு. "நீங்க வந்ததும் மூணு தடவ ஹாரன் அடிங்கம்மா. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். கோல்கீப்பர் திரும்பக் கூடாது. ஆனா வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்." எங்கள் கார் ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தும். ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்.

டயர்க்காரர் சுறுசுறுப்பான ஆள். ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டே, "ஸ்டெப்னி இருக்குல்லக்கா? அதை மாட்டிவிட்டுருவோம், நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கலாம்," என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வீட்ல இருக்கு," என்றேன்.

"வீட்லயா? அங்க அது என்ன பண்ணுது?"

"அது மேலதாங்க நான் உக்காருவேன்," என்றார் இவர், ஒளிவுமறைவில்லாமல்.

உண்மைதான். டிக்கியில் இன்னும் நாலு மூட்டை கூடுதலாக அடைக்கலாமே என்று நாலு மாசத்துக்கு முன்னால் ஸ்டெப்னியை வெளியே எடுத்தோம். அது வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது. இவர் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார். மிஞ்சின துணியில் நான் அதற்கு அளவெடுத்து ஒரு உறை வேறு தைத்துப் போட்டிருந்தேன், சுற்றிலும் சுருக்கம் வைத்து. டயர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கறுத்த கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மை.

சக்கரத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினதும் ஓரமாக நுரை கிளம்பியது. இடுக்கியை வைத்து ஒரு திருகாணியை இழுத்துப் போட்டார். "நம்ம ஊசி இல்லையே?" என்று இவர் எட்டிப் பார்த்து நிம்மதியானார். டயர்க்காரரின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

"நடுவுல இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஒட்டிக் குடுத்துருவேன். இது ஓரம். பாருங்க, தரையில படற பாகம் முடிஞ்சு பக்கவாட்டு ஆரம்பிக்கிற இடம். ஒட்டினா பத்து நிமிஷத்துல கிளம்பிரலாம். புதுசு போடணும்னா இந்த அளவு எங்கிட்ட இல்ல, மச்சான் கடையிலேருந்து வரணும். ஒரு மணி நேரம் ஆயிரும். நீங்களே சொல்லுங்க."

அங்கிருந்து மைதானத்துக்கு ஒரு மணி நேர ஓட்டம். ஒட்டினால் ஆட்டம் தொடங்கும்போது நாங்கள் அங்கே இருப்போம். புதிது போட்டால் பாதி ஆட்டம் போய்விடும்.

"ஒட்டிருங்க!" என்று இவர் முந்திக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். பட்டன் விட்டாலே சட்டையை மாற்றச் சொல்கிற மனுஷன் அவர். கிழிந்த எதையும் தூக்கிப் போட விடாதவள் நான். "மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. அவ காத்துக்கிட்டிருப்பா."

என் வாயிலும் அதே வார்த்தைதான் வந்து நின்றது. குனிந்து அந்த ஓட்டையை விரலால் தடவினேன். வேறு எதற்கும் இல்லை, பழக்கதோஷம். "இந்த ஒட்டு நிக்காதா?" என்று கேட்டேன்.

"ஒட்டு நிக்கும்கா. அதச் சுத்தி இருக்கிற ரப்பர்தான் நிக்காது. ஓடும்போது இந்த இடம் வளைஞ்சு வளைஞ்சு நிமிரும். வேகத்துல அது விட்டுச்சுன்னா வண்டி உங்க கையில இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. போன மாசம் அவளுடைய கையுறை கட்டைவிரல் ஓரத்தில் கிழிந்து வந்தது. இவர் புதிது வாங்கலாம் என்றார். "என் கை எதுக்கு இருக்கு?" என்று வீறாப்பாக வாங்கி, இரட்டை நூல் போட்டுத் தைத்து அனுப்பினேன். பயிற்சியில் ஒரு பந்து வந்து அடித்ததும் அந்த ஓரம் அப்படியே பிய்ந்து, விரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. மூன்று நாள் என்னிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது டம்ளரை இடது கையால் தூக்கினாள், அதை வைத்துத்தான் பிடித்தேன். நான் அழப்போகிறேன் என்று தெரிந்து அவளே சமாதானம் சொன்னாள். "உன் தையல் விடலம்மா. தையலுக்குப் பக்கத்துல இருந்த துணிதான் விட்டுச்சு."

எழுந்து நின்று, "புதுசே போடுங்க," என்றேன்.

"நீயா சொல்ற?" என்றார் இவர். "மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்தாம்மா அவ. ஹாரனுக்குக் காத நீட்டிக்கிட்டு நிப்பா. போனை வேற அணைச்சு வச்சிருப்பா, சொல்லவும் முடியாது."

"எல்லாம் தெரியும். ஹாரன் அடிக்க நம்ம ரெண்டு பேரும் முழுசாப் போய்ச் சேரணும்ல?"

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றார், அங்கிருந்து பார்த்தால் டயர் சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல. நான் டயர்க்காரரிடம் எல்லாக் கதையையும் சொல்லித் தொலைத்தேன். அணியில் அவளைச் சுவர் என்று கூப்பிடுவார்கள் என்பது வரைக்கும். அந்த மனுஷனுக்கும் படபடப்பு தொற்றிக்கொண்டது. போனை எடுத்து, "மச்சான், சோறெல்லாம் அப்புறம் திங்கலாம், பறந்து வா! அங்க சுவர் காத்துக்கிட்டு நிக்குது!" என்று கத்தினார். மச்சானும் புதுடயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்துதான் வந்தார்.

சக்கரத்தை மாட்டி முடித்தபோது இரண்டு முப்பத்தைந்து. அப்புறம் நான் ஓட்டின ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வண்டி கோடு போட்டமாதிரி நேராக ஓடியது. இவர் நிமிஷத்துக்கு ஒருதரம் மணி சொன்னார். மூணாயிருச்சு. மூணு அஞ்சு. "இன்னொரு தடவ மணி சொன்னீங்க, இங்கயே இறக்கி விட்டுருவேன்," என்றேன். அதற்கப்புறம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

மைதானத்தை ஒட்டிப் போகிற ரோட்டில் திரும்பினபோது மூன்று முப்பத்தெட்டு. கம்பிவேலிக்கு அந்தப்பக்கம், கோல் வலைக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மஞ்சள் சட்டையில் ஒருத்தி. முதுகில் நான் வைத்துத் தைத்த நம்பர். "நம்ம பொண்ணு! அங்க பாரு, நம்ம பொண்ணு!" இவர் கார் கதவையே உடைத்துவிடுவார் போலிருந்தது. வேலியோரமாக நிறுத்தின கையோடு ஹாரனை அழுத்தினேன். ஆடு மூன்று தடவை கத்தியது.

அப்புறம்தான் கவனித்தேன். மைதானத்தில் ஒரு சத்தமில்லை. இரண்டு அணியும் அசையாமல் நிற்கிறது. எங்கள் மகளுக்கு எதிரே வெள்ளைப் புள்ளியில் பந்து, அதற்குப் பின்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரணிப் பெண். விசிலை உதட்டுக்குக் கொண்டுபோன நடுவர் எங்கள் பக்கம் முறைத்துப் பார்த்தார்.

"ஐயையோ, பெனால்டி," என்றார் இவர்.

தலையில் அடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்கினாலும் சரி என்று இருந்தது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தலையை மெல்லத் தூக்கினேன்.

சொன்னபடியே அவள் திரும்பவில்லை. புதுக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு முழங்காலை மடக்கி, கைகளை அகல விரித்து நின்றாள். இவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நடுவர் விசில் ஊதினார். அந்தப் பெண் பந்தை நோக்கி ஓடி வரத் தொடங்கினாள்.