மைத்தேயின் கதவுக்கு வந்த வரன்

“போன வருஷம் ஒரு ஆண் எல்க் மான் என் வண்டிக் கதவு மேல காதலாகி, மலையிலேருந்து ஊர் வரைக்கும் பின்னாடியே வந்துச்சு. மூணு நாள் எங்க வாசல்ல புல்லு தண்ணியில்லாம கெடந்துச்சு. கதவையே கழட்டிக் குடுத்துடலாமான்னு யோசிச்சேன்னா பாத்துக்கோங்க!”

மைத்தே பாட்டி இதைச் சொன்னதும் முதியோர் மன்றத்து வேனே சிரிப்பில் குலுங்கியது. சிரிக்காதவர் முன்னிருக்கையில் இருந்த லைல் ஒருவர்தான்.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் எல்க் மான்கள் கூவுவதைக் கேட்க மலைக்குப் போகும் வேன் அது. மைக் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே அது லைலின் கையில்தான் இருந்தது. ஏரிக்குள் வாழும் ஒற்றைக்கண் மீனும், பனியில் உறைந்துபோய் வசந்தத்தில் எழுந்து பாதியில் விட்ட சீட்டாட்டத்தைத் தொடர்ந்த சுரங்கக்காரனும் அவர் மைக்கில் சொன்ன கதைகளில் வாழ்ந்தவர்கள். மான் கூப்பிடும் குழலை எடுத்து ஆண் எல்க் போலவே கூவினால் பக்கத்து மாநிலத்து மான்கூடப் பதில் சொல்லும்.

இந்தச் செப்டம்பரில்தான் மைத்தே கடைசி இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு கூட்டமெல்லாம் பின்னால் நெருக்கியடித்ததில், வேன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுதான் மலையேறியது. லைலின் வயிறு எரிந்த எரிச்சலில் ஹீட்டரே தேவைப்படவில்லை.

“கதவுக்கும் மானுக்கும் காதலாம்! கேக்குறவனுக்கு மூளையே இல்லன்னு நெனச்சியா?” என்றார் லைல்.

“பெட்டை மான் கூப்புடுற மாதிரியே கிறீச்சுங்குதுய்யா அது. அதனாலதான் எண்ணெயே விடாம வெச்சிருக்கேன்.”

“அடுத்த வாரம் உன் வண்டியக் கொண்டா. நீ கதவ ஆட்டு, நான் குழல் ஊதுறேன். மான் உங்கிட்ட வந்தா மைக் உனக்கு. வரலேன்னா வாய மூடிக்கிட்டு டோனட்டத் தின்னு.”

அடுத்த சனிக்கிழமை மலைப் புல்வெளியில் ஆஸ்பென் மரங்கள் இலைகளைப் பொன்னாய்ச் சொரிய, லைல் ஊதினார். காடு பதில் கூவியது. வேனுக்குள் கைதட்டல். வெளியே வந்த மானின் கொம்புக்கு வழிவிட்டு இரண்டு மரங்கள் ஒதுங்கி நின்றன. லைலின் மார்பு கோட்டுப் பொத்தானைத் தெறிக்கவிட்டது.

மைத்தே தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கதவை மெல்ல ஆட்டினார். கிறீ…ச்.

மான் காதை நிமிர்த்தியது. லைலை ஒரு மரக்கட்டையாகக்கூட மதிக்காமல் கடந்துபோய், கதவை முகர்ந்தது. பிறகு ஆசையாக நக்கியது.

லைலுக்குப் பொறுக்குமா? முழுமூச்சையும் திரட்டி ஊதினார். காதலியோடு நிற்கும் எல்க்கிடம் இன்னொரு ஆணின் குரலில் கூவக்கூடாது என்பது அந்த ஊரில் நடைபழகும் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்தான், பொறாமை அவரை யோசிக்க விடவில்லை.

மான் லைலை நோக்கிக் கொம்பைத் தாழ்த்தியது. வேன் தூரத்தில் நின்றது. லைல் ஓடிய ஓட்டத்தில் தொப்பி இன்னும் அந்தரத்தில் இருக்க, ஆள் மட்டும் பிக்கப்பின் மறுபக்கக் கதவு வழியாக மைத்தேயின் அருகில் போய் விழுந்தார். மான் சுற்றிவந்து அவர் பக்கத்து ஜன்னலில் மூஞ்சியை ஒட்டியது.

“போட்டிக்கு வந்தவன்னு நெனைக்குது,” என்றார் மைத்தே, டோனட்டை மென்றுகொண்டே. “உன்னைய இங்க பாத்தா அதுக்கு ஆகல.”

லைல் அந்தக் கண்ணைப் பார்த்தார். சிவந்து, இமைக்காமல், எதையோ உள்ளுக்குள் அரைத்துக்கொண்டிருந்தது. செப்டம்பரிலிருந்து சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் அவர் பார்த்துவந்த அதே கண்.

“பாவம்,” என்றார் தன்னையறியாமல்.

“யாரு?”

மைத்தே வண்டியை எடுத்தார். மான் தொடர்ந்தது. பின்னால் வேன். பெட்ரோல் பங்க், தேவாலயம், வங்கி என்று எல்லாவற்றையும் தாண்டி, மைத்தேயின் வாசலில் வந்து கால்களை மடக்கிக் கதவைப் பார்த்தபடி படுத்துவிட்டது அது.

வேன் பக்கத்தில் வந்து நின்றது. “லைல்! ஏதாவது சொல்லுங்க!” என்று எல்லோரும் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள்.

அவர் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

“மைக்க இந்தம்மாகிட்ட குடுங்க,” என்றார். “போன வருஷம் நடந்துச்சுன்னு இவங்க சொன்னது நெசந்தான்.”